ஒன்றரை டிகிரி வித்தியாசம்

2024 மே 29 அன்று, டெல்லியின் வடமேற்கு ஓரத்தில் உள்ள முங்கேஷ்பூர் தானியங்கி வானிலை நிலையம் 52.9 டிகிரி செல்சியஸ் என்று காட்டியது. இந்தியா இதுவரை காணாத வெப்பம் என்று தொலைக்காட்சிகள் அலறின. வானிலைத் துறை ஆள் அனுப்பிச் சோதித்தபோது குட்டு வெளிப்பட்டது. அங்கிருந்த சென்சார் 3 டிகிரி கூட்டிச் சொல்லியிருந்தது. அதே நாளில் சஃப்தர்ஜங் நிலையத்தில் பதிவானது 46.8. அதுவே 79 ஆண்டுகளில் இல்லாத வெயில்தான்.

சஃப்தர்ஜங் விமான நிலையத்துக்கு அருகிலேயே இருக்கிறது லக்ஷ்மிபாய் நகர். அரசு ஊழியர் குவார்ட்டர்ஸ், டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி, பக்கத்தில் முருங்கைக்காயும் மீனும் கிடைக்கும் ஐ.என்.ஏ. மார்க்கெட் எனத் தலைநகரத் தமிழர்களுக்குப் பழகிய வட்டாரம். டெல்லி உட்படப் பெருநகரங்களில் இகுவானா, பியர்டெட் டிராகன், பால் பைதான் என வெளிநாட்டு ஊர்வனவற்றை வீட்டில் வளர்ப்பவர்கள் பெருகிவிட்டார்கள். அவற்றில் ஒன்று முட்டையிட்டுவிட்டால் வீட்டில் ஒரு விவாதம் கிளம்பும். தெர்மாகோல் பெட்டியில் நாமே இன்குபேட்டர் செய்துகொள்வதா, காசு கொடுத்து வாங்குவதா? பேச்சு விலையில் தொடங்கி விலையிலேயே முடிந்துவிடும். தொடங்க வேண்டிய இடம் முங்கேஷ்பூர் சென்சார்.

மூன்று டிகிரி பிழையை வானிலைத் துறை ஓர் அறிக்கையில் திருத்திக்கொண்டது. முட்டைக்குள் நடந்ததைத் திருத்த முடியாது. இதை இந்தியாவில் தெளிவாகக் காட்டிய இடம் மாமல்லபுரம் போகும் வழியில், வடநெம்மேலியில் இருக்கும் சென்னை முதலைப் பண்ணை. ரோமுலஸ் விட்டேகர் குழுவினர் 1976இல் தொடங்கியது. அங்கே ஜெஃப்ரி லாங், ஹாரி ஆண்ட்ரூஸ், விட்டேகர் மூவரும் சதுப்புநில முதலையின் முட்டைகளை வெவ்வேறு நிலையான வெப்பத்தில் அடைகாத்துப் பார்த்து, 1989இல் முடிவை வெளியிட்டார்கள். 28 முதல் 31 டிகிரி வரை வைத்த முட்டைகளிலிருந்து வந்தவை அத்தனையும் பெண். 32.5 டிகிரியில் வைத்தவை ஆண். 33க்குப் போனால் மறுபடி பெண்கள் கலந்து வரத் தொடங்கின.

முதலைக்குப் பால் குரோமோசோம் கிடையாது. ஆணா பெண்ணா என்பதை அடைகாலத்தின் நடுப்பகுதியில் முட்டையைச் சுற்றியுள்ள சூடுதான் தீர்மானிக்கிறது. இப்படி ஒன்று இருப்பதை உலகத்துக்கு முதலில் சொன்னவர் மடலின் ஷார்னியே. செனகலில் அகாமா ஓணான் முட்டைகளை ஆராய்ந்து 1966இல் எழுதினார். பல ஆமைகள், சில பல்லிகள், எல்லா முதலைகளும் இந்த வகை என்று பின்னால் தெரியவந்தது.

செல்லப்பிராணிக் கூண்டுக்குள்ளும் இதே கதைதான். பியர்டெட் டிராகனுக்குப் பால் குரோமோசோம் உண்டு. ஆனாலும் சுமார் 32 டிகிரிக்கு மேல் போனால் ஆணாகப் பிறக்க வேண்டியவை சில பெண்ணாக மாறிவிடுகின்றன என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2007இல் காட்டினார்கள். பால் பைதானுக்கு இந்தச் சிக்கல் இல்லை. 31, 32 டிகிரியில் இரண்டு மாதம் வைத்தால் பொரிக்கும். வெப்பம் ஏறினால் குட்டி முதுகெலும்பு கோணிப் பிறக்கலாம், அல்லது பிறக்காமலே போகலாம்.

ஆக, பெட்டி எதுவானாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அது காட்டும் டிகிரி நிஜமா?

யாருடைய முட்டை?

பெட்டிக்கு முன்னால் சட்டம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'விலங்கு' என்று சொல்லும்போது அதன் முட்டையையும் சேர்த்தே சொல்கிறது. காட்டு ஊர்வனவற்றின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அந்தச் சட்டத்தின் கணக்கில் வேட்டை. ஆகவே தோட்டத்தில் கண்டெடுத்த உடும்பு முட்டைக்கும், நட்சத்திர ஆமை முட்டைக்கும் வீட்டில் இன்குபேட்டர் என்ற பேச்சே எழக் கூடாது.

வெளிநாட்டு இனங்களுக்கு வேறு வழி. 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, சர்வதேச வணிக ஒப்பந்தமான சைட்டிஸ் பட்டியலில் உள்ள உயிரினங்களை வைத்திருப்போர் பதிவு செய்தாக வேண்டும். 2024 பிப்ரவரியில் விதிகள் வந்தன. பரிவேஷ் இணையதளத்தில் பதிவு. அந்தப் பட்டியலின் முதல் இணைப்பில் உள்ள இனங்களை இனப்பெருக்கம் செய்யத் தனி உரிமம் வேண்டும். குட்டி பொரித்தால் அதையும் தெரிவிக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டுக்கு அலைவதற்கு முன் இந்தக் காகித வேலையை முடிப்பது உத்தமம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

வீட்டில் செய்யும் பெட்டியின் ரகசியம் ஒன்றுமில்லை. மீன் வரும் தெர்மாகோல் பெட்டி ஒன்று, சூடாக்க ஒரு வெப்பக் கம்பி அல்லது பாய், காற்றைச் சுழற்ற ஒரு சிறிய கம்ப்யூட்டர் ஃபேன், கட்டுப்படுத்த ஒரு தெர்மோஸ்டாட். பழைய வழிகாட்டிகள் 40 வாட் குண்டு பல்பு போடச் சொல்லும். இப்போது கடையில் எல்.இ.டி.யைத்தான் நீட்டுவார்கள், அதில் வெளிச்சம் வரும், சூடு வராது. செங்கோட்டைக்கு எதிரே லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் டபிள்யூ-1209 என்ற சிறிய போர்டு சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். முட்டையைப் பதிக்க வெர்மிகுலைட் அல்லது பெர்லைட், செடி நர்சரிகளில் விற்பது. எடைக்கு எடை தண்ணீர் கலந்து, கையில் பிழிந்தால் சொட்டாத பதத்தில் வைப்பது வழக்கம். மூடிய டப்பாவுக்குள் இந்த ஈரம் இருந்தால் பெட்டிக்குத் தனி ஈரப்பத இயந்திரம் வேண்டியதில்லை. பாம்பு முட்டையின் ஓடு காகிதத்தோல் போல மெத்தென்றிருக்கும். ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும், உலர்ந்தால் ஒட்டிப்போகும். முதலை, நில ஆமை முட்டைகளின் ஓடு கெட்டி, அதனால் கொஞ்சம் பொறுக்கும்.

கடைப் பெட்டி என்பது? அமெரிக்காவின் ஜார்ஜியாவில் செய்யப்படும் ஹோவாபேட்டர், ஊர்வன வளர்ப்போர் பல காலமாகப் பயன்படுத்தும் பிரபலமான இன்குபேட்டர். திறந்து பார்த்தால் அதுவும் தெர்மாகோல்தான், கோழிக்காகச் செய்தது. ஜூ மெட், எக்ஸோ டெரா போன்ற நிறுவனங்கள் ஊர்வனவற்றுக்கென்றே தயாரிக்கின்றன. இந்தியாவில் இவை இறக்குமதிச் சரக்கு. விலை பன்மடங்கு, பழுதானால் பார்க்க ஆள் கிடைப்பது கஷ்டம். காசு கொடுத்து வாங்குவதில் உண்மையான லாபம் பெட்டியில் இல்லை. ஒருவர் முன்கூட்டியே ஓட்டிப் பார்த்து, எல்லா மூலையிலும் ஒரே சூடு வருகிறதா என்று சரிபார்த்திருப்பார் என்ற நம்பிக்கைக்குத்தான் அந்தப் பணம். மலிவுச் சரக்கில் அந்த நம்பிக்கையும் வீண்.

நம் ஊர் இணையக் கடைகளில் 'இன்குபேட்டர்' என்று தேடினால் வரிசையாக வந்து நிற்பவை கோழி முட்டைப் பெட்டிகள். மஞ்சள் பிளாஸ்டிக், வெளிப்படையான மூடி, 'ஃபுல்லி ஆட்டோமேட்டிக்'. மலிவாகவும் இருக்கும். பெரிய ஆபத்து இதில்தான். கோழி முட்டைக்கு 37.5 டிகிரி வேண்டும். பெட்டி அதற்கெனவே அமைக்கப்பட்டிருக்கும். அந்தச் சூட்டில் பாம்பு முட்டை வெந்துபோகும். சூட்டைக் குறைத்துவிட்டாலும் இன்னொரு கண்ணி காத்திருக்கிறது. பெட்டியில் உள்ள தானியங்கித் தட்டு ஓரிரு மணிக்கு ஒருமுறை முட்டையைப் புரட்டும். கோழி முட்டைக்கு அது நல்லது. மஞ்சள் கருவை நடுவில் பிடித்து நிறுத்த வெண்கருவில் இரண்டு முறுக்கு நார்கள் உண்டு, தாய்க்கோழியும் அலகால் புரட்டத்தான் செய்யும். ஊர்வன முட்டையில் அந்த நார் இல்லை. இட்ட ஒரு நாளுக்குள் கரு ஓட்டின் உட்சவ்வில் மேல்பக்கமாக ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் முட்டையைத் தலைகீழாக்கினால் கரு பிய்ந்துபோகும், அல்லது மஞ்சள் கருவின் அடியில் நசுங்கிப்போகும். 'ஆட்டோமேட்டிக்' என்ற பெருமையே கொலைக்கருவியாகிறது. அனுபவமுள்ளவர்கள் முட்டையைத் தொடுவதற்கு முன்பே மேல்பக்கம் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிடுவார்கள். கடைசி நாள் வரை அந்தப் புள்ளி வானத்தைப் பார்த்தபடியே இருக்க வேண்டும்.

சென்னைக் கடற்கரையில் இந்தப் பாடம் நெடுநாளாகவே நடைமுறையில் இருக்கிறது. 1970களில் மெட்ராஸ் பாம்புப் பண்ணைக்காரர்கள் தொடங்கிய ஆமை நடையை 1988 முதல் மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு நடத்திவருகிறது. ஜனவரி முதல் நீலாங்கரைப் பக்கம் இரவில் நடந்து, பங்குனி ஆமை இட்ட நூறு, நூற்றிருபது முட்டைகளை எடுத்து, விடிவதற்குள் வேலியிட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே குடுவை வடிவக் குழியில் புதைத்துவிடுவார்கள். அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆமையின் கருக்குழாயில் ஆக்சிஜன் குறைவு என்பதால் அதுவரை கரு வளராமல் நிற்கும். வெளிக்காற்று பட்டதும் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். சில மணி நேரம் தாண்டினால் அசைப்பது ஆபத்து.

அந்தப் பொரிப்பகம் மணல், வேலி, வெயில். மின்சாரம் இல்லை, பிராண்டு இல்லை. மத்தியப் பிரதேசத்தின் மொரேனா அருகே தேவ்ரியிலும் இப்படித்தான்: சம்பல் ஆற்றங்கரைக் கூடுகளிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 200 கரியல் முதலை முட்டைகளை எடுத்து மணலில் புதைத்துப் பொரிக்க வைக்கிறார்கள். 1975இல் இந்திய அரசு முதலைத் திட்டத்தைத் தொடங்கியபோது, ஒடிசாவின் டிக்கர்பாடாவும் லக்னோவின் குக்ரைலும் இந்த வேலையைத்தான் எடுத்துக்கொண்டன. வீட்டில் செய்தது மட்டம், கடையில் வாங்கியது உசத்தி என்று நினைப்பவர்கள் இந்த வரலாற்றைக் கொஞ்சம் புரட்டலாம்.

மலைப்பாம்பிடம் போனால் மணலும் வேண்டாம். இந்திய மலைப்பாம்புத் தாய் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு, தசையைத் துடிக்கவிட்டுச் சூடு உண்டாக்கும். பாரிஸில் வாலன்சியென் 1841இல் வெப்பமானி வைத்து அளந்து சொன்னதை எல்லோரும் நம்பிவிடவில்லை. 1966இல் நியூயார்க் பிராங்ஸ் பூங்காவில் ஓர் இந்திய மலைப்பாம்பை வைத்து அளந்த பிறகுதான் சந்தேகம் தீர்ந்தது. குளிர் கூடக் கூட அது வேகமாகத் துடித்தது. தெர்மோஸ்டாட் செய்வதும் அதைத்தான்.

டெல்லியின் சிக்கல்

அமெரிக்க, ஐரோப்பிய வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றுவோர் டெல்லியில் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே அறை 20 டிகிரி. பெட்டியின் வேலை சூடேற்றுவது மட்டும். இங்கே ஜனவரி இரவில் அது பொருந்தும். மே, ஜூனில் மூன்றாவது மாடிக் குவார்ட்டர்ஸில் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை மாலையில் 38 டிகிரியில் நிற்கும். தெர்மோஸ்டாட் ஹீட்டரை அணைத்துவிட்டு வேடிக்கை பார்க்கும். 31 டிகிரிக்கு இறக்க அதனிடம் எந்த வழியும் இல்லை. மலிவான பெட்டியும், விலையுயர்ந்த பெட்டிகளில் பலவும் இதே ரகம்.

வழிகள் மூன்று. முதலாவது, பெட்டியை ஏ.சி. அறையில் வைப்பது. அறை 26இல் இருந்தால் ஹீட்டர் மட்டுமே போதும். ஆனால் கரண்ட் போனால் இன்வெர்ட்டர் ஃபேனையும் லைட்டையும் ஓட்டும், ஏ.சி.யை ஓட்டாது. அப்போது அறை மெல்ல ஏறும். பெட்டிக்குள் நிரம்பிய தண்ணீர் பாட்டில்கள் சில இருந்தால் ஏற்றம் தாமதப்படும். ஃப்ரீசரில் உறைந்த பாட்டில் ஒன்று தயாராக இருப்பதும் நல்லது, முட்டை டப்பாவைத் தொடாத மூலையில் வைக்க. இரண்டாவது, சூடேற்றவும் குளிரவைக்கவும் தெரிந்த தெர்மோஸ்டாட். எஸ்.டி.சி.-1000 என்ற கட்டுப்பாட்டுக் கருவியில் இரண்டு ரிலே உண்டு. ஒன்றில் ஹீட்டர், மற்றொன்றில் பெல்டியர் குளிர்விப்பான் என்று இணைக்கலாம். டபிள்யூ-1209இல் ஒரே ரிலே. மூன்றாவது, கல்லூரி ஆய்வகங்களில் இருக்கும் பி.ஓ.டி. இன்குபேட்டர். கழிவுநீர்ச் சோதனைக்காக உள்நாட்டிலேயே பல நிறுவனங்கள் செய்வது. ஃப்ரிட்ஜ் போல கம்ப்ரஸரும் இருக்கும், ஹீட்டரும் இருக்கும். டெல்லிக் கோடைக்குப் பொருத்தமான 'கடைப் பெட்டி' உண்மையில் இதுதான். விலை பல பத்தாயிரம்; பத்து முட்டைக்காக வாங்குவது அதிகப்படி.

குளிர்வதைவிடச் சூடேறுவதுதான் முட்டைக்கு எமன் என்பதை மறக்கக் கூடாது. நான்கு மணி நேரம் 25 டிகிரிக்கு இறங்கினால் கரு மெதுவாக வளரும், அவ்வளவுதான். அதே நேரம் 40இல் இருந்தால் கதை முடியும். மலிவு ரிலேக்கள் பழுதாகும்போது சில சமயம் 'ஆன்' நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். அதனால் இரண்டு தெர்மோஸ்டாட்டை வரிசையாக இணைப்பது புத்திசாலித்தனம்: முதலாவது 31இல், இரண்டாவது 32.5இல். முதலாவது ஒட்டிக்கொண்டாலும் இரண்டாவது வெட்டிவிடும். இந்த ஏற்பாட்டைச் சில நூறு ரூபாயில் வீட்டில் செய்யலாம். கடைப் பெட்டி வாங்குபவர் இது உள்ளே இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

மறுபடி சென்சாருக்கு வருவோம். எஸ்.டி.சி.-1000 தயாரிப்பாளரே ஒரு டிகிரி கூடவோ குறையவோ இருக்கலாம் என்று சொல்கிறார். திரையில் 31.0 என்று தசமத்தோடு மின்னுவதால் உண்மை ஆகிவிடாது. வீட்டுச் சோதனை ஒன்று உண்டு: நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த கோப்பையில் சென்சாரை முக்கினால் 0 காட்ட வேண்டும். ஆனால் 0இல் சரியாக இருப்பது 31இல் தவறலாம். அதற்கு ஒரு நல்ல ஆய்வக வெப்பமானியைச் சென்சாரோடு சேர்த்துக் கட்டி வெதுவெதுப்பான நீரில் ஒப்பிட வேண்டும். காய்ச்சல் பார்க்கும் பழைய பாதரச வெப்பமானி இதற்கு உதவாது. அதன் கோடே 35இல்தான் தொடங்குகிறது. சென்சாரின் முனை ஹீட்டருக்குப் பக்கத்தில் தொங்கக் கூடாது, முட்டை டப்பாவின் உயரத்தில் இருக்க வேண்டும். முட்டை வருவதற்கு ஒரு வாரம் முன்பே காலிப் பெட்டியை ஓட்டி, பகலிலும் இரவிலும் எண்ணைக் குறித்துவைப்பவர் பாதிக் கிணறு தாண்டிவிட்டார். விலையுயர்ந்த பெட்டியைப் பிரித்த கையோடு முட்டையை உள்ளே வைப்பவர் இன்னும் கிணற்றடியில் நிற்கிறார்.

பொரித்த பிறகு

இன்குபேட்டர் விவாதத்தில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. பொரித்துவிட்டால்? இந்தியாவில் கரியல் முட்டைகள் 12,000க்கு மேல் சேகரிக்கப்பட்டு, 5,000க்கும் மேற்பட்ட குட்டிகள் வளர்த்து ஆறுகளில் விடப்பட்டன. அப்படியும் உலகில் இருந்த வளர்ந்த கரியல்கள் 1997இல் 436 என்பதிலிருந்து 2006இல் 182ஆகக் குறைந்தன. மணல் அள்ளுவதும், மீன் வலையும், அணையும் இருக்கும் ஆற்றில் பொரிப்பகத்தால் மட்டும் என்ன செய்ய முடியும்? வடநெம்மேலியில் எதிர்ச்சிக்கல். சதுப்புநில முதலைகள் அடைத்துவைக்க இடமில்லாத அளவுக்குப் பெருகி, ஆயிரம் முதலைகளை குஜராத்தின் ஜாம்நகருக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அதை எதிர்த்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது.

வீட்டில் இந்தக் கணக்கு இன்னும் சின்னது, இன்னும் கறாரானது. ஓர் இகுவானா ஒரே ஈட்டில் முப்பது, நாற்பது முட்டை இடும். ஒவ்வொரு குட்டியும் ஐந்தடி வளர்ந்து, பத்து வருடத்துக்கு மேல் வாழக்கூடியது. அத்தனைக்கும் இடமும் பதிவும் இல்லையென்றால், இட்ட அன்றே முட்டைகளை ஃப்ரீசரில் வைத்துவிடுவதுதான் பொறுப்பான வளர்ப்பாளர் செய்வது. கேட்கக் கசப்பாக இருக்கும். வளர்ந்த இகுவானாவை ராத்திரியில் லோதி தோட்டத்துப் பக்கம் விட்டுவிட்டு வருவதைவிட அது மேல்.

தீர்ப்பு இப்படித்தான் வரும். பதிவு செய்த இனம், சூட்டால் பால் மாறாதது, முட்டைகள் கொஞ்சம் என்றால் வீட்டுப் பெட்டி தாராளமாகப் போதும். இரட்டைத் தெர்மோஸ்டாட், சரிபார்த்த சென்சார், ஏ.சி. அறை என்ற மூன்றும் இருந்தால். வெப்பம் பாலைத் தீர்மானிக்கும் இனமோ, அரிதான முட்டையோ என்றால் குளிர்விக்கவும் தெரிந்த பெட்டியை வாங்குவதுதான் நியாயம். கோழி முட்டைப் பெட்டியைத் தட்டைக் கழற்றி, 31 டிகிரிக்கு இறக்கிச் சரிபார்க்கத் தெரியாதவர் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

மழை தொடங்கும் மாதங்களில் தோட்டத்து மண்ணிலோ கட்டுமான மணலிலோ வெள்ளையாக முட்டைக் குவியல் தென்பட்டால், வீட்டுக்கு எடுத்துவர வேண்டாம், புரட்டிப் பார்க்கவும் வேண்டாம். மேலே மண்ணை மூடிவிட்டு டெல்லி வனத் துறைக்கோ வைல்ட்லைஃப் எஸ்.ஓ.எஸ். மீட்புக் குழுவுக்கோ தகவல் சொல்லுங்கள்.